நன்னடத்தையில் விட்டால் குற்றம் அழியுமா?

(மூன்றாமாண்டு பி.ஏ. வரலாறு மாணவர் ஒருவர்)

வேலைக்கான படிவங்களில் ஒரு கேள்வி தவறாமல் இடம் பெறுகிறது. "தாங்கள் எப்போதாவது கைது செய்யப்பட்டதுண்டா? தண்டிக்கப்பட்டதுண்டா?" என்பதே அது. நம்மில் பலர் அதைப் படிக்காமலே 'இல்லை' என்று எழுதிவிடுகிறோம். எல்லோராலும் அப்படி எழுத முடிவதில்லை.

பெரிய மார்க்கெட்டில் காய்கறிக் கடை வைத்திருப்பவரின் மகன் ஒருவர் எனக்கு நண்பர். பத்தொன்பது வயதில், கூடை வைக்கும் இடம் பற்றிய தகராறில் எடைக்கல்லால் ஒருவரை அடித்துவிட்டார். நீதிமன்றம் அவர் குற்றம் செய்தவரே என்று தீர்மானித்தது. ஆயினும் சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தைப் பிணையில் விட்டது. பிணைக்காலமும் முடிந்தது. "கேஸ்தான் தீர்ந்துவிட்டதே, 'இல்லை' என்று எழுது" என்கிறார்கள் மார்க்கெட்டில். இது சரியா என்று தேடிப் படித்தேன்.

வழக்கு வேறு, தீர்ப்பு வேறு

முதல் தகவல் அறிக்கை என்பது புகாரின் பதிவு மட்டுமே. குற்றப்பத்திரிகை போலீசாரின் கூற்று. இவ்விரண்டாலும் ஒருவர் குற்றவாளி ஆகிவிடுவதில்லை. போதிய ஆதாரம் இல்லையென்றால் விசாரணைக்கு முன்பே நீதிமன்றம் அவரை விடுவிக்கலாம். விசாரணைக்குப் பின் குற்றம் மெய்ப்பிக்கப்படாவிட்டால் விடுதலை. சிறு அடிதடி வழக்குகளில் இரு தரப்பும் சட்டப்படி சமரசம் செய்துகொண்டால் அதுவும் விடுதலைக்குச் சமமே.

ஆனால் இவற்றால் ஏடு தானாக அழிவதில்லை. பழைய வழக்குகளைப் பொதுவாகத் துடைத்தெறியும் சட்டம் நம் நாட்டில் இல்லை. கைரேகை போன்ற பதிவுகளை 75 ஆண்டுகள் வைத்திருக்க 2022-ஆம் ஆண்டுச் சட்டம் இடந்தருகிறது. முன்தண்டனை இல்லாத ஒருவர் விடுதலை பெற்றால், மேல்முறையீடுகளெல்லாம் முடிந்தபின், நீதிமன்றம் வேறு விதமாக ஆணையிட்டாலன்றி, அவற்றை அழித்துவிட வேண்டும்.

நன்னடத்தைச் சட்டம்

பிரெஞ்சு ஆட்சியில் நம் புதுவையில் குற்றங்கள் 'கிரீம்', 'தெலி', 'கோந்த்ரவான்சியோன்' என மூவகைப்பட்டன. இந்தியச் சட்டங்கள் பல 1963-இல் இங்கு நீட்டிக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று 1958-ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம். சென்னை மாகாணமோ 1936-லேயே இத்தகைய சட்டத்தை இயற்றியிருந்தது.

மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரியதல்லாத குற்றம் செய்தவரை, மூன்று ஆண்டுகளுக்கு மேற்படாத பிணையில் நீதிமன்றம் விடலாம். இருபத்தோரு வயதுக்குட்பட்டவரைச் சிறைக்கு அனுப்ப வேண்டுமானால் அதற்குக் காரணத்தை எழுதியாக வேண்டும். இளமையில் தடுமாறியவனைப் பழுத்த குற்றவாளிகளிடம் பாடம் கற்க அனுப்பலாகாது என்பதே இதன் உட்கருத்து.

இச்சட்டத்தின் 12-ஆம் பிரிவே நம் கேள்விக்கு உயிர்நாடி. 'தண்டனை பெற்றவர் இதற்குத் தகுதியற்றவர்' என்று வேறொரு சட்டம் கூறினாலும், நன்னடத்தையில் விடப்பட்டவரை அத்தடை தொடாது. பிணையை மீறி, பின்னர் அதே குற்றத்திற்குத் தண்டனை பெற்றால் இப்பாதுகாப்பு போய்விடும்.

எனினும் தகுதியிழப்பு நீங்குவது ஒன்று. குற்றத்தீர்ப்பு அழிவது மற்றொன்று. பக்ஷி ராம் வழக்கில் 1990-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. நன்னடத்தையில் விடப்பட்டாலும் தீர்ப்பு நிற்கும். அக்குற்றத்திற்குக் காரணமான நடத்தைக்காக அரசு ஊழியர் ஒருவரைப் பணிநீக்கம் செய்யவும் தடையில்லை.

மறைப்பதே பெருங்கேடு

2016-இல் அவதார் சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் கூறியது மாணவர் அனைவரும் அறியத்தக்கது. கைது, வழக்கு, விடுதலை, தண்டனை எதுவாயினும் படிவத்தில் கேட்டால் உண்மையையே எழுத வேண்டும். உண்மையை எழுதினாலும் வேலை தந்தே தீர வேண்டும் என்பதில்லை. ஆனால் இளவயதில் செய்த அற்பக் குற்றங்களைப் பொறுத்துக்கொள்ள வேலை தருவோருக்கு உரிமை உண்டு.

ஆகவே என் நண்பர் எழுத வேண்டிய விடை 'ஆம்' என்பதே. அதன்கீழ், நன்னடத்தையில் விடப்பட்டதையும் பிணைக்காலம் குறையின்றி முடிந்ததையும் குறித்து, தீர்ப்பின் நகலை இணைக்க வேண்டும்.

சட்டம் ஓரளவே மன்னிக்கிறது. மீதியை மன்னிக்க வேண்டியவர்கள் நாம். நாளை நம்மில் சிலர் அதிகாரிகளாக அமர்ந்து இத்தகைய படிவங்களைப் பார்க்க நேரும். அப்போது 'ஆம்' என்ற ஒரு சொல்லோடு நிறுத்திவிடாமல், அதன்கீழ் உள்ள வரிகளையும் படிப்போமாக!