சர்வீஸுக்கு விட்ட கார் சேதமாகித் திரும்பினால்... யாரைக் கேட்பது, எப்படிக் கேட்பது?

பிரேக்கில் சத்தம் வருகிறது என்று காரை ஷெட்டில் விடுகிறீர்கள். மாலையில் சாவியை வாங்கும்போது சத்தம் போயிருக்கிறது. ஆனால், பின் பம்பரில் புதிதாக ஒரு கீறல். கேட்டால், ''இது ஏற்கெனவே இருந்துச்சு சார்'' என்கிறார்கள். இருந்ததா, இல்லையா? உங்களுக்கே ஒரு நிமிடம் சந்தேகம் வந்துவிடும். அந்த ஒரு நிமிடத்தில்தான் நம்மில் பெரும்பாலானவர்கள் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுகிறோம்.

கீறலாவது கண்ணுக்குத் தெரியும். தெரியாத சேதங்கள்தான் பெரிய செலவு வைக்கும். ஜாக்கியைத் தப்பான இடத்தில் கொடுத்துத் தூக்கினால் கதவுக்குக் கீழே இருக்கும் தகடு நசுங்கும். வீல் நட்டைச் சரியாக முறுக்காமல் விட்டால் ஓடும்போது சக்கரம் ஆடும். பானெட்டைத் திறந்து வைத்து பிரஷராகத் தண்ணீர் அடித்தால் ஒயரிங்கில் ஈரம் இறங்கி, இரண்டு நாள் கழித்து வண்டி நடுரோட்டில் நிற்கும். இதில் எதுவும் டெலிவரி எடுக்கும் நேரத்தில் தெரியாது.

திருச்சியில் இருக்கும் என் பெரியப்பாவுக்கு நடந்தது இந்த இரண்டாவது வகை. ஓய்வுபெற்ற ஆசிரியர். 9 வருடம் ஓடிய சின்ன கார். பெரியம்மாவை மாதம் ஒருமுறை மதுரையில் இருக்கும் மருத்துவமனைக்கு அழைத்துப்போவதே அந்த காருக்கு முக்கிய வேலை. பல வருடங்களாகப் பழகிய மெக்கானிக்கிடம் ஆயில் மாற்றினார். மறுநாள் காலை மதுரைக்குக் கிளம்பினார்கள். விராலிமலையைத் தாண்டியதும் டேஷ்போர்டில் எண்ணெய்க் குடுவை போன்ற சிவப்பு விளக்கு எரிந்தது. உடனே ஓரங்கட்டி எஞ்சினை அணைத்துவிட்டார். ஆனால், அதற்குள் உள்ளே 'டக் டக்' என்று சத்தம் வந்துவிட்டது. கீழே குனிந்து பார்த்தால், எஞ்சினுக்கு அடியில் ஆயிலை வடிக்கும் இடத்தில் இருக்க வேண்டிய போல்ட் இல்லை. முறுக்காமல் விட்ட போல்ட் வழியில் எங்கோ கழன்று விழுந்து, ஆயில் முழுக்கக் கொட்டியிருக்கிறது.

ஆயில் இல்லாமல் எஞ்சின் ஓடினால் உள்ளே இருக்கும் பேரிங்குகள் உலோகத்தோடு உலோகம் உரசித் தேயும். அதற்கு ஒரு சில நிமிடங்கள் போதும். இன்னொரு ஷெட்டில் பிரித்துப் பார்த்து 62,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் கொடுத்தார்கள். பழைய மெக்கானிக்கோ, ''வாத்தியார் சார், வண்டிக்கு வயசாயிடுச்சு. எஞ்சின் என்னைக்கிருந்தாலும் போகவேண்டியதுதான்'' என்றார்.

பெரியப்பா அந்த இடத்தில் சண்டை போடவில்லை. ரோட்டில் நின்றபோதே போல்ட் இல்லாத ஓட்டையை, அடிப்பகுதி முழுக்கப் படிந்திருந்த ஆயிலை, ஓடோமீட்டரில் இருந்த கிலோமீட்டரை போட்டோ எடுத்து வைத்திருந்தார். வழியில் உதவ வந்தவர்கள், ''ஒரு லிட்டர் ஆயில் ஊத்தி ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க சார்'' என்றபோது, வேண்டாம் என்று சொல்லி டோ வண்டியை வரவழைத்தார். இதுதான் அவரைக் காப்பாற்றியது என்று நான் நினைக்கிறேன். திரும்ப ஸ்டார்ட் செய்திருந்தால், 'ஆயில் இல்லாமல் ஓட்டியது நீங்கள்தான்' என்று பழி அவர் மேலேயே திரும்பியிருக்கும்.

முதல் நாளில் செய்ய வேண்டியவை

சேதத்தைக் கவனித்த உடனே, அந்த இடத்திலேயே போட்டோ, வீடியோ எடுங்கள். முடிந்தால் நம்பர் பிளேட்டும் அதே பிரேமில் வரட்டும். ஷெட்டில் இருக்கும்போதே கவனித்துவிட்டால், டெலிவரி தாளில் 'வேலை திருப்தி' என்று போட்டிருக்கும் இடத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டே ஆகவேண்டும் என்றால், கையெழுத்துக்கு மேலே என்ன சேதம் என்று நாலு வார்த்தை எழுதிவிட்டுப் போடுங்கள்.

'சேதத்தைச் சரிசெய்யாமல் பில்லைக் கட்ட மாட்டேன்' என்று மல்லுக்கு நிற்கலாமா? கோபம் நியாயம்தான். ஆனால், இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 170-வது பிரிவு, செய்த வேலைக்கான கூலி வரும்வரை பொருளைக் கையில் வைத்துக்கொள்ளும் உரிமையைப் பழுது பார்த்தவருக்குத் தருகிறது. அதாவது, வண்டி ஷெட்டிலேயே நிற்கும். நீங்கள் ஆட்டோவில் திரும்புவீர்கள். அதைவிட, 'ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்' என்று பில்லில் எழுதிப் பணத்தைக் கட்டி, வண்டியை வெளியே எடுப்பது நல்லது. பணத்தை யுபிஐ மூலம் கொடுங்கள். பில் தராத இடத்தில்கூட, வேலைக்குப் பணம் கொடுத்தோம் என்பதற்கு அதுவே சாட்சி.

அடுத்தது, இன்னொரு மெக்கானிக்கின் எழுத்துபூர்வமான கருத்து. வாய்மொழியாக, ''அவன் சரியா முறுக்கல சார்'' என்று பத்து பேர் சொல்வார்கள். லெட்டர்ஹெட்டில் எழுதிக் கேட்டால் ஒன்பது பேர் நழுவுவார்கள். தொழிலில் ஒருவரை ஒருவர் தெரியும் அல்லவா? ஆனாலும் விடாமல் கேட்டு வாங்குங்கள். என்ன சேதம், எதனால் வந்திருக்கும், சரிசெய்ய எவ்வளவு ஆகும் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். குறைபாட்டை நிரூபிக்கும் பொறுப்பு புகார் கொடுப்பவருடையது என்று உச்ச நீதிமன்றம் பல வழக்குகளில் சொல்லியிருக்கிறது. 'சர்வீஸுக்கு விட்டேன், அதற்குப் பிறகு கெட்டுப்போனது' என்பது மட்டும் போதாது. அந்த சர்வீஸால்தான் கெட்டது என்று காட்ட வேண்டும். ஆயில் மாற்றிய மறுநாள் ஏசி கூலிங் குறைந்தால், இரண்டுக்கும் தொடர்பே இல்லாமலும் இருக்கலாம்.

''சேதத்தை நாங்களே சரிபண்ணித் தர்றோம்'' என்று ஷெட்டில் சொன்னால்? கீறல், பம்பர், கண்ணாடி என்றால் ஒப்புக்கொள்ளலாம். அவர்களுக்குச் செலவு குறைவு, நமக்கும் அலைச்சல் இல்லை. என்ன வேலை, என்று முடியும், புதிய பார்ட்ஸா பழையதா என்பதை மட்டும் வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்குங்கள். எஞ்சின், கியர் பாக்ஸ் போன்றவை என்றால் நான் யோசிப்பேன். எஞ்சினைப் பிரித்ததும் தப்பு நடந்த தடயமும் போய்விடும். பிரிக்கும்போது நீங்களோ, விஷயம் தெரிந்த ஒருவரோ கூடவே இருப்பது அவசியம்.

'எந்தச் சேதத்துக்கும் நிர்வாகம் பொறுப்பல்ல'

இந்த போர்டு இல்லாத ஷெட்டைப் பார்ப்பது அரிது. ஜாப் கார்டின் பின்பக்கத்திலும் எறும்பு எழுத்தில் இதே வரி இருக்கும். இதைப் பார்த்ததும், நமக்கு உரிமையே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். 1872-ம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 151-வது பிரிவின்படி, நம்பி ஒப்படைத்த பொருளை, ஒரு சராசரி மனிதர் தன் சொந்தப் பொருளை எப்படிக் கவனித்துக்கொள்வாரோ அப்படிக் கவனித்துக்கொள்ள வேண்டும்.

டெல்லியில் 1998-ல் ஒரு நட்சத்திர ஹோட்டலில், ஊழியரிடம் சாவி கொடுத்து நிறுத்தச் சொன்ன மாருதி ஜென் கார் திருடுபோனது. பார்க்கிங் டோக்கனில் 'உரிமையாளர் பொறுப்பில்' என்று அச்சிட்டிருந்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2019 நவம்பரில் தீர்ப்பு வந்தது. தங்கள் கவனக்குறைவால் நேர்ந்த இழப்புக்கு, அந்த வாசகத்தைக் காட்டி ஹோட்டல் தப்பிக்க முடியாது என்றது நீதிமன்றம். அது பார்க்கிங் வழக்குதான். ஆனாலும், சாவியை வாங்கி வைத்துக்கொண்டு போர்டைக் காட்டும் எவரிடமும் எடுத்துச் சொல்ல வேண்டிய தீர்ப்பு.

டெஸ்ட் டிரைவ் போன மெக்கானிக் யார் மீதாவது இடித்துவிட்டால்? இது பலர் நினைத்துப் பார்க்காத விஷயம். வண்டி ஷெட்டின் பொறுப்பில் இருந்தபோது விபத்து நடந்தாலும், பாதிக்கப்பட்ட மூன்றாம் நபருக்கு இழப்பீடு தர வேண்டிய பொறுப்பிலிருந்து வண்டியின் இன்ஷூரன்ஸ் நிறுவனம் நழுவ முடியாது என்று 1988-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இதற்கு பாலிசி உயிரோடு இருக்க வேண்டும். 'இன்னும் ரெண்டு நாள்தானே இருக்கு, சர்வீஸ் முடிஞ்சு வந்ததும் புதுப்பிக்கலாம்' என்று விடுவது ஆபத்து. நம் வண்டிக்கு ஆன சேதத்துக்கு நம் பாலிசியிலேயே கிளெய்ம் செய்யச் சொல்லி ஷெட்டில் யோசனை கொடுப்பார்கள். அப்படிச் செய்தால், அவர்கள் தப்புக்கு உங்கள் நோ கிளெய்ம் போனஸ் போகும். 5 வருடம் கிளெய்ம் இல்லாமல் 50 சதவிகிதத் தள்ளுபடியில் இருப்பவருக்கு இது சின்ன இழப்பு இல்லை.

சிலர் நேராக போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவார்கள். பார்ட்ஸ் திருட்டு, ஷெட்டில் விட்ட வண்டியை எடுத்துக்கொண்டு ஊர் சுற்றியது, விபத்து போன்றவற்றுக்கு அது சரியான இடம். கவனக்குறைவாக வேலை செய்ததற்கு, ''சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க'' என்றுதான் சொல்வார்கள்.

நோட்டீஸ் முதல் ஆணையம் வரை

பெரியப்பா தானே தமிழில் ஒன்றரைப் பக்கத்துக்கு ஒரு நோட்டீஸ் எழுதினார். எந்தத் தேதியில் வண்டியை விட்டார், என்ன வேலை, எங்கே நின்றது, எஸ்டிமேட் எவ்வளவு, 15 நாளில் பதில் வேண்டும். அவ்வளவுதான். திட்டு இல்லை, மிரட்டல் இல்லை. போட்டோக்களையும் இரண்டாவது மெக்கானிக்கின் கடிதத்தையும் இணைத்து ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, ரசீதை பத்திரப்படுத்தினார். 12-வது நாள் மெக்கானிக் வீட்டுக்கே வந்தார். போல்ட்டை முறுக்க மறந்தது கடையில் புதிதாகச் சேர்ந்த பையன். பேசி முடித்ததில், 40,000 ரூபாயை மூன்று தவணையாகத் தருவதாக எழுதிக் கொடுத்தார். மீதி 22,000 பெரியப்பாவின் கையை விட்டுப் போனது. முழுத்தொகைக்கும் போராடியிருக்கலாமே என்று நான் கேட்டேன். ''அந்தப் பையன் சம்பளத்துல பிடிக்கக் கூடாதுன்னு கண்டிஷன் போட்டேன்மா. அப்புறம் முழுசா எப்படிக் கேக்குறது?'' என்றார். எனக்கு இதில் இன்னும் உடன்பாடு இல்லை. ஒரு மாதமாக பெரியம்மா பஸ்ஸில் மதுரை போய்வந்ததற்கு யார் கணக்கு போடுவது?

நோட்டீஸுக்கு மசியாதவர்களும் உண்டு. நிறுவனங்களின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டர் என்றால், முதலில் அங்கே மேனேஜருக்கும், பிறகு கார் நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கும் மின்னஞ்சல் அனுப்புங்கள். ''டீலர் வேறு, நாங்கள் வேறு'' என்று நிறுவனம் பதில் சொல்லலாம். அந்தப் பதிலும் பின்னால் உதவும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை. அவர்கள் உங்கள் புகாரை எதிர்த்தரப்புக்கு அனுப்பி சமரசத்துக்கு முயல்வார்களே தவிர, உத்தரவு போட முடியாது.

உத்தரவு போடும் அதிகாரம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குத்தான். 2019-ம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நமக்கு வசதியான ஒரு மாற்றம் வந்தது. ஷெட் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமே இல்லை. வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை, நீங்களே வாதாடலாம். இ-ஜாக்ரிதி இணையதளத்தில் ஆன்லைனிலும் பதிவு செய்யலாம். சேதம் ஏற்பட்டதிலிருந்து 2 வருடங்களுக்குள் புகார் போய்ச் சேர வேண்டும். 'தர்றேன் சார், அடுத்த மாசம்' என்று இழுத்தடிப்பவர்களிடம் காத்திருந்தே இந்தக் கெடுவைத் தவறவிடுபவர்கள் உண்டு.

ரிப்பேர் செலவோடு நிற்காமல், வாடகை வண்டிக்கு ஆன செலவு, மன உளைச்சல், வழக்குச் செலவு எல்லாவற்றையும் கேட்கலாம். ஆனால், 60,000 ரூபாய் சேதத்துக்கு 20 லட்சம் கேட்டால் கேட்பவர் மீதுதான் நம்பிக்கை குறையும். டாக்ஸி, ஆட்டோ ரசீதுகளைச் சேர்த்து வையுங்கள்.

எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போய்ச் சேர்ந்ததிலிருந்து, பரிசோதனை தேவைப்படாத புகார்களை 3 மாதத்திலும், தேவைப்படுபவற்றை 5 மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் வாய்தா மேல் வாய்தா விழுந்து இதைவிட நீளும் என்ற மனத்தயாரிப்போடு போங்கள். இடையில் இரு தரப்பும் சம்மதித்தால், ஆணையமே சமரச மையத்துக்கு அனுப்பிவைக்கும்.

தீர்ப்பு உங்களுக்குச் சாதகமாக வந்து, ஷெட் உரிமையாளர் மாநில ஆணையத்துக்கு மேல்முறையீடு போக நினைத்தால், 45 நாளுக்குள் போக வேண்டும். அதற்கு முன், கொடுக்கச் சொன்ன தொகையில் பாதியை டெபாசிட் செய்தாக வேண்டும். மேல்முறையீட்டுக்கும் போகாமல், பணத்தையும் தராமல் இருந்தால் 72-வது பிரிவின் கீழ் அதே ஆணையத்தில் மனு போடலாம். அதற்குத் தண்டனை 1 மாதம் முதல் 3 வருடம் வரை சிறை, அல்லது 25,000 ரூபாய் முதல் 1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.