வண்டிக்குத் தினப் பொருத்தம்

கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்ப்பது நம்மவர் வழக்கம். அவற்றுள் முதலாவதாக வைக்கப்படுவது தினப் பொருத்தம். ஜாதகத்தில் நம்பிக்கை வேண்டுமா, வேண்டாமா என்ற விவகாரத்துக்குள் நான் புகவில்லை. ஆனால் பன்னிரண்டு லட்ச ரூபாய் கொடுத்து ஒரு மோட்டார் வண்டியை வீட்டுக்கு அழைத்து வரும்போது, நிறப் பொருத்தமும் அண்டை வீட்டாரின் அபிப்பிராயமும் தவிர வேறெதையும் நாம் பார்ப்பதில்லை. தினந்தோறும் இந்த வண்டி நமக்கு ஒத்து வருமா என்ற கேள்வி கடைசியில்தான் எழுகிறது; பல வீடுகளில் பணம் கட்டிய பிறகே எழுகிறது.

சில மாதங்களாக எங்கள் குடும்பத்தில் இதே பேச்சு. என் அக்காளும் அத்தானும் இங்கே புனேயில் கோத்ரூடில் குடியிருக்கிறார்கள். இரண்டு வயதுக் குழந்தை ஒன்று. முழங்கால் வலியோடு திருநெல்வேலியிலிருந்து வந்து அவர்களுடன் தங்கியிருக்கும் எங்கள் அப்பா. ஆறு ஆண்டுச் சேமிப்பு. இவ்வளவும் அந்த ஒரு முடிவைச் சார்ந்து நிற்கின்றன. "மாப்பிள்ளை, நீர் பௌதிகம் எம்.எஸ்ஸி. படிக்கிறீர். கணக்குப் போட்டுச் சொல்லும்" என்று அத்தான் பொறுப்பை என்னிடம் விட்டார். பல வண்டிகள் கழிந்து கடைசியில் நின்றவை இரண்டு: 2022-இல் புது உருவில் வந்த மாருதி பிரெஸ்ஸா; 2023-இல் திருத்தி வெளியிடப்பட்ட டாட்டா நெக்ஸான். இரண்டும் சிறிய எஸ்.யூ.வி. வகையைச் சேர்ந்தவை. நான் போட்ட கணக்கு மற்றவர்க்கும் பயன்படலாம் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

நாலு மீட்டர் இரகசியம்

இரு வண்டிகளின் நீளமும் 3,995 மில்லிமீட்டர். இரண்டு போட்டிக் கம்பெனிகள் ஒரே அளவை எப்படிப் பிடித்தன? காரணம் எஞ்சினியர்கள் அல்லர், வரிச் சட்டம். 2006-ஆம் ஆண்டு மத்திய பட்ஜெட்டில் சிறு கார்களுக்கு உற்பத்தி வரி குறைக்கப்பட்டது. நீளம் 4,000 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது; எஞ்சின் பெட்ரோலானால் 1,200 சி.சி.யையும் டீசலானால் 1,500 சி.சி.யையும் தாண்டக் கூடாது என்பவை நிபந்தனைகள். ஐந்து மில்லிமீட்டர் மிச்சம் வைத்து வண்டியை முடித்துவிடும் பழக்கம் அப்படி வந்தது.

2025 செப்டம்பர் 22 முதல் நடப்புக்கு வந்த ஜி.எஸ்.டி. திருத்தத்திலும் அதே எல்லைக்கோடு நிற்கிறது. உள்ளே இருப்பவற்றுக்கு 18 விழுக்காடு. வெளியே இருப்பவற்றுக்கு 40 விழுக்காடு. நெக்ஸானின் பெட்ரோல் எஞ்சின் 1,199 சி.சி.; ஆகவே உள்ளே. பிரெஸ்ஸாவின் எஞ்சின் 1,462 சி.சி.; நீளத்தில் தேர்ந்தும் எஞ்சினில் தவறி வெளியே நிற்கிறது. பின் எதற்கு அந்த நீளக் கட்டுப்பாடு என்று கேட்கலாம். 2016-இல் முதல் பிரெஸ்ஸா பிறந்தபோது அதில் இருந்தது 1,248 சி.சி. டீசல் எஞ்சின். அன்று இரு நிபந்தனைகளும் பொருந்தின. 2020-இல் டீசல் போய்ப் பெட்ரோல் வந்தது. நீளம் மட்டும் பழைய படியே நின்றுவிட்டது.

வாங்குகிறவர் செலுத்தும் பணத்தில் எவ்வளவு வண்டிக்கு, எவ்வளவு வரிக்கு என்பதை இதிலிருந்து அறியலாம். வரிக்கு முன் விலை 7 லட்சம் என்று ஒரு கணக்குக்காக வைத்துக்கொண்டால், ஒன்றில் வரி 1,26,000 ரூபாய். மற்றதில் 2,80,000 ரூபாய். கடையில் விலை வித்தியாசம் இதே அளவு இருக்கும் என்பதில்லை. கம்பெனிகள் தத்தம் லாபத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும். அதனால் சாலைக்கு வரும் முழு விலையையே ஒப்பிட வேண்டும்.

எங்கே ஓடப் போகிறது?

அடுத்து, வண்டி எங்கே ஓடும் என்ற கேள்வி. அத்தானின் அலுவலகம் ஹிஞ்சவடியில். போக 18 கிலோமீட்டர், வர 18. ஒரு வழிக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம். ஆண்டுக்கு 250 வேலை நாள் என்றால் 9,000 கிலோமீட்டர். 500 மணி நேரம். ஆண்டுக்கொரு முறை திருநெல்வேலிக்குப் போய் வருவதற்குச் சுமார் 2,900 கிலோமீட்டர். மணிக்கு 60 என்று வைத்தால் 48 மணி நேரம். நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் அமர்ந்தால் நெரிசலில் பத்து மணி நேரம் அமர வேண்டும் என்பது இதன் பொருள். வண்டியைப் பற்றிய பேச்செல்லாம் அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றியே நடக்கிறது!

மூன்றும் நான்கும்

விளம்பரத் தாளைப் பார்த்தால் நெக்ஸான் பெட்ரோலின் முறுக்கு விசை 170 நியூட்டன் மீட்டர். பிரெஸ்ஸாவினுடையது சுமார் 137. கேட்டவுடன் முன்னது வலிமை மிக்கது என்போம். நெடுஞ்சாலையில் அது உண்மை. ஆனால் அந்த 170 கிடைப்பது எஞ்சின் நிமிஷத்துக்கு 1,750 சுற்றை எட்டிய பிறகு. நெக்ஸானில் டர்போ என்னும் சிறு காற்றாலை உள்ளது. வெளியேறும் புகையின் வேகத்தால் அது சுழன்று, எஞ்சினுக்குள் அதிகக் காற்றைத் திணிக்கிறது. முதல் கியரில் ஊர்ந்து செல்லும்போது புகையோட்டம் குறைவு. எனவே காற்றாலையின் உதவியும் குறைவு. அந்த நேரத்தில் அது ஏறக்குறைய ஒரு சாதாரண 1,199 சி.சி. எஞ்சின்தான். பிரெஸ்ஸாவின் 1,462 சி.சி. எஞ்சினில் டர்போ இல்லை; அதன் உச்ச விசை 4,400 சுற்றில்தான் என்றாலும், அடியில் இருப்பது திடீரென்று ஏறி இறங்காமல் சீராகக் கிடைக்கிறது.

இன்னொன்று சிலிண்டர் எண்ணிக்கை. நான்கு வீச்சு எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை வெடிக்கிறது. நான்கு சிலிண்டர் உள்ள பிரெஸ்ஸாவில் ஒவ்வொரு 180 பாகைக்கும் ஒரு தள்ளல். மூன்று உள்ள நெக்ஸானில் ஒவ்வொரு 240 பாகைக்கும் ஒரு தள்ளல். குறைந்த வேகத்தில் மூன்று சிலிண்டர் எஞ்சின் சற்றே அதிரக் காரணம் இதுவே. ரப்பர்த் தாங்கிகள் பெரும்பகுதியை விழுங்கிவிடும். எனினும் இயற்கை விதி இயற்கை விதிதான்.

கிளட்சு மிதித்துக் கால் ஓய்ந்தவர்கள் ஆட்டோமேடிக் கேட்கிறார்கள். பிரெஸ்ஸாவில் எஞ்சினுக்கும் கியர்ப் பெட்டிக்கும் இடையே எண்ணெய் சுழன்று விசையைக் கடத்துகிறது. ஊர்வதற்கு இது மிகவும் இதமானது. நெக்ஸானில் இரு வகை உண்டு. ஒன்று, நாம் காலால் செய்வதை ஓர் இயந்திரம் செய்யும் ஏ.எம்.டி.; விலை குறைவு, ஆனால் கியர் மாறும்போது ஒரு சிறு இடைவெளி தெரியும். மற்றது இரு கிளட்சு உள்ளது. விரைவானது, விலையும் கூடுதல்.

மைலேஜும் சிக்னலும்

கம்பெனிகள் சொல்லும் மைலேஜ் பொய்யன்று. அளக்கும் விதம் வேறு. அளக்கும் நிலையங்களுள் முதன்மையான ஏ.ஆர்.ஏ.ஐ. நம் ஊரிலேயே, கோத்ரூடை ஒட்டிய குன்றின் மேல் இருக்கிறது. வண்டியை உருளைகளின் மேல் நிறுத்தி, 1,180 விநாடியில் 10.6 கிலோமீட்டர் ஓட்டுவார்கள். சராசரி வேகம் மணிக்குச் சுமார் 32 கிலோமீட்டர், ஏ.சி. கிடையாது. அத்தானுக்குக் கிடைக்கும் சராசரியோ மணிக்கு 18, ஏ.சி. இல்லாமல் ஒரு நாளும் இல்லை.

ஒரு சிக்னலில் என்ன செலவாகிறது என்று பார்ப்போம். ஆட்களோடு வண்டியின் எடை 1,500 கிலோ எனக் கொள்வோம். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 93 கிலோ ஜூல். பிரேக் மிதித்ததும் அவ்வளவும் வெப்பமாகிக் காற்றோடு போகிறது. ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகா ஜூல் உண்டு. அதில் கால் பங்கே சக்கரத்துக்கு வரும். ஆகவே ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் சுமார் 12 மில்லி லிட்டர் பெட்ரோலைத் தத்தம் செய்கிறோம். நாளைக்கு 40 நிறுத்தம் என்றால் அரை லிட்டர். முன்னே நூறடி பார்த்து, வேகத்தைத் தானே தணிய விடுகிற ஓட்டுநருக்கு எந்த வண்டியும் சிக்கனமாகும்.

சோதனை எண்களை ஒப்பிடுவதற்கு மட்டும் கொள்ளலாம். பிரெஸ்ஸா லிட்டருக்குச் சுமார் 20. நெக்ஸான் பெட்ரோல் சுமார் 17. ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர் ஓடினால் முன்னதற்கு 600 லிட்டர், பின்னதற்கு 705 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று முழு எண்ணாக வைத்தால் வித்தியாசம் 10,500 ரூபாய். கடை விலையில் ஒரு லட்சம் கூடுதலாகக் கொடுத்து மைலேஜில் அதை மீட்க நினைப்பவர், ஒன்பதரை ஆண்டு காத்திருக்க வேண்டும்.

நெக்ஸானில் டீசலும் உண்டே என்பார்கள். நீண்ட ஓட்டம் ஓடுவோர்க்கு அது நன்று. ஆனால் 2020 ஏப்ரல் முதல் வந்த பி.எஸ். 6 விதிக்கேற்ற டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. அவ்வப்போது நல்ல சூட்டில் ஓடினால்தான் அந்தக் கரி எரிந்து வடிகட்டி சுத்தமாகும். குறுகிய தூரம் நின்று நின்று ஓடினால் அடைப்பு சேரும். அன்றாட நெரிசலுக்கு டீசல் ஏற்றதன்று.

ஏறுவதும் இறங்குவதும்

பிரெஸ்ஸாவின் உயரம் 1,685 மில்லிமீட்டர், நெக்ஸானினது 1,620. தலைக்கு மேல் இடம் வேண்டுவோர் இதைக் கவனிக்கலாம். டிக்கியில் 382 லிட்டர் இடத்தோடு நெக்ஸான் முந்துகிறது, பிரெஸ்ஸாவில் 328. குழந்தையின் தள்ளுவண்டியும் அரிசி மூட்டையும் சேர்ந்து போக வேண்டிய வீட்டில் இந்த 54 லிட்டர் சிறிதன்று. முழங்கால் விஷயத்தில் எண்கள் உதவா. அப்பாவை இரண்டு கடைகளுக்கும் அழைத்துச் சென்று, ஒவ்வொரு வண்டியிலும் ஐந்து முறை ஏறி இறங்கச் சொன்னோம். எதில் அவருக்குச் சுலபமாயிருந்தது என்பதை இங்கே எழுதப் போவதில்லை. ஒருவர் முழங்காலுக்கு ஒத்தது இன்னொருவருக்கு ஒத்து வராது. உங்கள் வீட்டுப் பெரியவரை நீங்களே அழைத்துச் செல்லுங்கள்.

ரஜ்ஜு தட்டலாமா?

பத்துப் பொருத்தத்தில் ரஜ்ஜு மட்டும் தட்டக் கூடாது, அது உயிர்ப் பொருத்தம் என்பார்கள். வண்டிக்கு அத்தகையது விபத்துப் பாதுகாப்பு. இதை மைலேஜோடும் டிக்கியோடும் ஒரே தராசில் வைத்து நிறுப்பது முறையன்று. மற்றவையெல்லாம் தினந்தோறும் சிறிது சிறிதாக வரும் லாப நஷ்டம். இது என்றோ ஒரு நாள் ஒரே முறை வரும். வந்தால் திருத்த முடியாது.

மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் முன்புறம் மோதும் சோதனையை எடுத்துக்கொள்வோம். முன்பாகம் 60 சென்டிமீட்டர் நசுங்கி வண்டி நின்றால், உள்ளிருப்பவர் மேல் விழும் விசை அவர் எடையைப் போல் சராசரியாக 27 மடங்கு. ஒரு மீட்டரில் நின்றால் 16 மடங்கு. முன்பாகம் ஒழுங்காக நசுங்க வேண்டும். ஆட்கள் அமரும் கூடு நசுங்கவே கூடாது. கதவைத் தட்டிப் பார்த்துக் கனமான சத்தம் கேட்டு இதை அறிய முடியாது. சோதனைதான் வழி.

நெக்ஸான் 2018 டிசம்பரில் குளோபல் என்கேப் சோதனையில் 5 நட்சத்திரம் பெற்றது; இந்திய வண்டிகளுள் அதுவே முதல். திருத்திய உருவும் 2024-இல் அங்கேயும், நம் நாட்டின் பாரத் என்கேப் சோதனையிலும் 5 பெற்றது. பழைய பிரெஸ்ஸா 2018-இல் பெரியவர் பாதுகாப்புக்கு 4 பெற்றது. அந்தப் பழைய முடிவைக் கொண்டு 2022-இல் வந்த புதிய வண்டியை மதிப்பிடலாகாது. சாதகமாகவும் கூடாது, பாதகமாகவும் கூடாது. எந்த வண்டி ஆனாலும், "இதே உருவுக்கு, எந்த ஆண்டு, என்ன முடிவு?" என்று கேட்பது வாங்குகிறவர் கடமை. பின்னிருக்கையிலும் பெல்ட் போடாதவருக்கு எத்தனை நட்சத்திரமும் உதவா என்பதையும் சேர்த்துக்கொள்க.

எங்கள் முடிவு

அத்தானின் மனம் பிரெஸ்ஸாவின் மேல். நெரிசலில் 500 மணி நேரம் கழிக்கப் போகிறவர் அவர். அந்த ஆசை நியாயமானது என்று என் கணக்கே சொல்கிறது. ஆயினும் பின்னிருக்கையில் குழந்தை இருப்பதால், அண்மைச் சோதனை முடிவு கையில் உள்ள வண்டியே வேண்டும் என்று நான் வாதித்தேன். விலையும் டிக்கியும் அதே பக்கம் சேர்ந்தன; அக்காளும் சேர்ந்தாள். நெக்ஸான் பெட்ரோல் என்று முடிவாயிற்று. குழந்தையில்லாத, நாளெல்லாம் நெரிசலில் ஊரும் ஒருவர் என்னைக் கேட்டிருந்தால், அவருடைய வண்டிக்கும் சோதனை முடிவைப் பார்த்த பிறகு, பிரெஸ்ஸாவின் ஆட்டோமேடிக்கை முதலில் ஓட்டிப் பார்க்கச் சொல்லியிருப்பேன்.

ஆதலால் நண்பர்களே, எந்த வண்டி சிறந்தது என்று கேட்காதீர்கள். முதலில் பாதுகாப்பு முடிவைப் பார்த்து, தேறாததை அப்போதே கழித்துவிடுங்கள். பின்பு ஒரு வாரம் உங்கள் வழியைக் குறித்து வையுங்கள்: எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம், எத்தனை நிறுத்தம், உடன் வருவோர் யார் யார். அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, நெரிசல் மிகுந்த மாலை ஆறு மணிக்கு, உங்கள் வழியிலேயே ஓட்டிப் பார்க்கக் கேளுங்கள். காலியான சாலையில் எல்லா வண்டியும் நல்ல வண்டியே.