கரிசல் சேறு தின்ற கார்க் கதவு

விளாத்திகுளம் பக்கமிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "அப்பா வாங்கிய 1972 மாடல் அம்பாசடர் இன்னும் ஓட்டத்தில் இருக்கிறது. டிரைவர் பக்கக் கதவு தொங்குகிறது. தூக்கிப் பிடித்துத்தான் சாத்த வேண்டும். போன மாதம் ஓடும்போதே திறந்துகொண்டது. ஒரு பட்டறையில் கீலைத் தூணோடு பற்றவைத்துவிடலாம் என்கிறார்கள். இன்னொருவர் எடைக்குப் போடச் சொல்கிறார். பழைய வண்டி என்று தனி நம்பர் வாங்கலாமாமே, அதையும் சொல்லுங்கள்."

உளுந்து, பருத்திக் கேள்விகளுக்கு நடுவே கார்க் கேள்வியா என்று நினைக்க வேண்டாம். இதுவும் மண் சம்பந்தப்பட்டதுதான். கரிசலின் பெருமையே தண்ணீரைப் பிடித்துவைப்பது. ஐப்பசி மழை நின்று வாரங்கள் ஆனாலும் அடிமண்ணில் ஈரம் இருக்கும். அதை நம்பித்தானே மானாவாரியில் விதைக்கிறோம். அதே சேறு சக்கரத்திலிருந்து தெறித்து, முன் மட்கார்டுக்கும் கதவைத் தாங்கும் தூணுக்கும் நடுவிலுள்ள சந்தில் அப்பிக்கொண்டால், அங்கேயும் ஈரத்தை விடாது. வெளியே பெயின்ட் பளபளக்கும். உள்ளே தகரம் அரிக்கும். போதாததற்கு காரில் உர மூட்டை வேறு ஏற்றுகிறோம். சிந்திய பொட்டாஷில் குளோரைடு உப்பு இருக்கிறது. அது துருவை இன்னும் வேகப்படுத்தும்.

முதலில் தேய்ந்தது கீலா, தூணா என்று பாருங்கள். கதவைப் பாதி திறந்து, அதன் வெளி ஓரத்தை அடியில் பிடித்து மெல்லத் தூக்குங்கள். ஒருவர் கீலையே கவனிக்கட்டும். கீலின் ஆணி மட்டும் ஆடினால் கவலையில்லை. லேத் பட்டறையில் புது ஆணியும் புஷ்ஷும் கடைந்து போட்டால் வேலை முடிந்தது. கீலோடு சேர்ந்து தூணின் தகரமே அசைந்தால்தான் வேலை பெரிது. ஓடும்போது திறந்துகொண்டது என்பதைப் பார்த்தால் உங்கள் வண்டி இரண்டாவது வகையாக இருக்கலாம். சரிசெய்யும்வரை அந்தக் காரில் யாரையும் ஏற்றாதீர்கள்.

அம்பாசடருக்கு லாரிபோலத் தனிச் சட்டம் கிடையாது. தூணும் கதவுக்கு அடியிலுள்ள பெட்டித் தகரமும் கூரையும் சேர்ந்துதான் வண்டியைத் தாங்குகின்றன. துருவை வெட்டும்போது வண்டி அரை அங்குலம் தொய்ந்தாலும், பிறகு எந்தக் கதவும் வாசலில் உட்காராது. அதனால் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, கதவு வாசலின் குறுக்களவை இரு பக்கமும் எடுத்து எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். கீல் இருந்த இடத்தைக் கீறி அடையாளம் வைத்துக் கதவைக் கழற்றட்டும். அதன்பின் முன் தூணுக்கும் நடுத் தூணுக்கும் இடையே ஆங்கிள் இரும்பைக் குறுக்கே பிடித்துக்கொண்டுதான் வெட்டத் தொடங்க வேண்டும். இதைச் செய்யாமல் கட்டரை எடுக்கும் டிங்கரிடம் வண்டியை விடாதீர்கள்.

துருப்பிடித்த தகரத்தை நல்ல தகரம் வரும்வரை வெட்டி எடுக்க வேண்டும். துருவின் மேலேயே ஒட்டுப் போட்டுப் பட்டி பூசினால் அடுத்த மழைக்கே தெரிந்துவிடும். இன்னொன்று: பல பழைய கார்களில் கீல் திருகு ஏறும் கனத்த தட்டு, தூணுக்கு உள்ளே ஒரு கூட்டில் கொஞ்சம் நகரும்படி இருக்கும். கதவை மேலே கீழே தள்ளிச் சரிபார்க்கத்தான் அந்த ஏற்பாடு. அதையோ கீலையோ தூணோடு பற்றவைத்துவிட்டால், பிறகு கதவை இம்மிகூட நகர்த்த முடியாது. முதல் பட்டறைக்காரர் சொன்ன யோசனை இதனால்தான் ஆகாது.

புதுத் தகரத்தை முதலில் புள்ளிப் புள்ளியாகப் பிடித்து, கதவை மாட்டிச் சாத்திப் பார்த்த பிறகே முழுதாகப் பற்றவைக்கட்டும். விட்டுவிட்டு, ஆறவைத்து வைக்க வேண்டும். தொடர்ந்து இழுத்தால் மெல்லிய தகரம் நெளிந்துவிடும். அதற்கு முன்னால் பேட்டரி வயரைக் கழற்றி, பெட்ரோல் டேங்க்கை இறக்கி, சீட்டையும் கதவு அட்டையையும் வெளியே எடுத்துவிடுங்கள். பழைய சீட்டில் தேங்காய் நார் இருக்கும்; ஒரு பொறி போதும். பக்கத்தில் மணல் வாளி இருக்கட்டும். முடிந்ததும் தூணுக்கு உள்பக்கமும் ரெட் ஆக்சைடு அடிக்க வேண்டும்.

மழைக்காலம் முடிந்ததும் மட்கார்டு உள்பக்கத்தைக் கழுவுங்கள். நம் பகுதியில் பல போர்களில் உவர்த் தண்ணீர்தான் வருகிறது. அதில் கழுவினால் துருவுக்குத் தீனி போட்டதுபோல ஆகும். மழைத் தொட்டித் தண்ணீர் நல்லது. கதவின் அடியிலுள்ள சிறு துளைகளை ஈர்க்குச்சியால் குத்திவிடுங்கள். டிராக்டர் டிரெய்லரின் பின்கதவுக் கீலுக்கும் இதே கவனிப்புதான்.

தனி நம்பர் விஷயம். முதல் பதிவு முடிந்து 50 ஆண்டு தாண்டி, பெரிய மாற்றம் செய்யாத கார்களுக்கு 'வி.ஏ.' என்ற வரிசையில் எண் தரும் விதி 2021-ல் வந்தது. ஆனால் அந்த எண் வாங்கிய வண்டியை அன்றாடத் தேவைக்கு ஓட்டக்கூடாது. கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்குத்தான். எட்டயபுரம் சந்தைக்கும் கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்கும் போய்வர இந்தக் கார்தான் என்றால், வழக்கமான பதிவையே 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்ளுங்கள். அதற்கு வண்டியை ஆய்வுக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கும், ஆகவே கதவு வேலையை முதலில் முடித்துவிடுங்கள்.