மாலைப் பாலில் பாற்கட்டிச் சமையல்

மாடு வளர்க்கும் குடும்பங்களுக்குக் காலைப் பால் பணமாகிறது. ஆனால் பல கிராமங்களில் மாலைப் பாலை வாங்க எவரும் வருவதில்லை. குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் அது விடியுமுன் புளித்துவிடும். கன்றுக்கும் பிள்ளைகளுக்கும் கொடுத்தது போக, தயிருக்கு உறையிட்டதும் போக, இன்னும் பால் மிஞ்சினால் என்ன செய்யலாம்? நான்கு தேசிக்காயும் ஒரு வெள்ளைத் துணியும் இருந்தால் அதனைப் பாற்கட்டியாக்கலாம். அது சோற்றுக்குக் கறியாகும், விருந்தினருக்குச் சிற்றுண்டியாகும்.

சீஸ் என்றதும் கடையில் விற்கும் விலை கூடிய பெட்டியே பலருக்கு நினைவில் வரும். அது வேறு வகை. பெரும்பாலும் 'ரெனெட்' என்னும் நொதியத்தால் உறையவைக்கப்படும் அந்தச் சீஸ் சூட்டில் உருகும். தேசிப்புளியால் திரைத்த பாற்கட்டி உருகாது. குழம்பில் கொதித்தாலும் துண்டாகவே நிற்கும். எமது சமையலுக்கு இதுவே பொருத்தம். ரெனெட் கன்றின் இரைப்பையிலிருந்தும் எடுக்கப்படுவதால் சைவ உணவு உண்போர் சிலர் கடைச் சீஸைத் தவிர்ப்பர். வீட்டுப் பாற்கட்டியை அவர்களுக்குத் தயக்கமின்றிப் பரிமாறலாம்.

செய்யும் முறை

2 லீற்றர் பாலை அடிப்பிடிக்காமல் கிளறி நன்கு கொதிக்கவிடுங்கள். பச்சைப் பாலில் நோய்க்கிருமிகள் இருக்கக்கூடும் என்பதால் இதில் அவசரம் கூடாது. அடுப்பிலிருந்து இறக்கிச் சில நிமிடங்களின் பின், 4 மேசைக்கரண்டி தேசிப்புளியை அதேயளவு நீரில் கலந்து சிறிது சிறிதாக விடுங்கள். பால் திரைந்து, பச்சை கலந்த தெளிந்த நீர் பிரிந்ததும் புளி விடுவதை நிறுத்துங்கள். கூடினால் பாற்கட்டி இறுகிப் புளிக்கும். அவித்து உலர்த்திய துணியில் வடித்து, நல்ல நீரால் ஒருமுறை அலசி, முடிந்து, பாரத்தின் கீழ் ஒரு மணித்தியாலம் வையுங்கள். ஏறக்குறைய 300 கிராம் கிடைக்கும். எருமைப் பாலாயின் இன்னும் கூடும்.

ஒரு லீற்றர் பசுப்பாலில் ஏறக்குறைய 32 கிராம் புரதம் உண்டு. அதன் பெரும்பகுதி பாற்கட்டியில் சேர்கிறது. மீன், இறைச்சி வாங்க முடியாத நாளில் இது சிறிய உதவியல்ல. வடித்த நீரையும் ஊற்றிவிடாதீர்கள். சுண்ணாம்புச் சத்தின் ஒரு பகுதி அதில் உண்டு. ரொட்டிக்கு மா குழைக்கவும் ரசத்துக்கும் அது நன்று.

பாற்கட்டிக் கறி

பாற்கட்டியை ஓர் அங்குலத் துண்டுகளாக வெட்டித் தாச்சியில் சிறிது எண்ணெய் விட்டுப் பொன்னிறமாகப் பொரித்தெடுங்கள். அதே எண்ணெயில் வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, தக்காளி வதக்கி, 2 தேக்கரண்டி கறித்தூளும் உப்பும் இட்டு, இரண்டாம் தேங்காய்ப்பால் விட்டுக் கொதிக்க வையுங்கள். துண்டுகளைப் போட்டு, இறுதியில் முதற்பால் விட்டு 5 நிமிடத்தில் இறக்குங்கள்.

முருங்கையிலை வறை

வறை இறக்கும் தறுவாயில், உதிர்த்த பாற்கட்டி ஒரு கைப்பிடியைத் தேங்காய்ப்பூவுடன் சேர்த்துக் கிளறுங்கள். கீரையை ஒதுக்கும் பிள்ளைகளும் இதனை விரும்பக்கூடும்.

விருந்துக்குக் கட்லட்

பாற்கட்டி 250 கிராம், அவித்து மசித்த உருளைக்கிழங்கு 250 கிராம், பொடியாக அரிந்து வதக்கிய வெங்காயம், பச்சை மிளகாய், மிளகுதூள், உப்பு ஆகியவற்றைப் பிசைந்து உருட்டித் தட்டுங்கள். கரைத்த கோதுமை மாவில் தோய்த்து, காய்ந்த பாண் தூளில் புரட்டிப் பொரியுங்கள். முட்டை சேராததால் விரத நாட்களில் வரும் விருந்தினருக்கும் ஏற்றது. மாதர் சங்கக் கூட்டங்களில் கடை பிஸ்கற்றுக்குப் பதிலாக இதனைக் கொடுக்கலாம்.

ஒரு எச்சரிக்கை: குளிர்சாதனப் பெட்டி இல்லாவிடில் செய்த அன்றே சமைத்து முடித்துவிடுங்கள்.

2022 இல் பால்மாவுக்காக மக்கள் வரிசையில் நின்றதை நாம் மறக்கவில்லை. எமது கொட்டிலில் சுரக்கும் பாலில் ஒரு துளியும் வீணாகாமல் பார்ப்பது எமது கையிலேயே உள்ளது. முதலில் ஒரு லீற்றரில் செய்து பாருங்கள். கைப்பக்குவம் வந்ததும் அயல்வீட்டாருக்கும் சொல்லிக் கொடுங்கள்.