ஒன்பது கேள்விகளும் ஓர் உப்பளமும்

மனச்சோர்வை அளக்க உலகம் முழுவதும் மருத்துவர்களும் ஆய்வாளர்களும் பயன்படுத்தும் சிறிய வினாத்தாள் ஒன்று உண்டு. பி.எச்.க்யூ-9 என்று பெயர். கடந்த இரண்டு வாரமாக எதிலும் நாட்டமில்லாமல் இருக்கிறதா, தூக்கம் கெட்டதா, உடம்பு அசதியா, பசி குறைந்ததா, செய்தித்தாள் படிக்கும்போதோ டிவி பார்க்கும்போதோ கவனம் சிதறுகிறதா என்று ஒன்பது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் பூஜ்ஜியம் முதல் மூன்று வரை மதிப்பெண். இதைத் தூத்துக்குடி முத்தையாபுரம் பக்கத்து உப்பளத்தில் வேலை செய்யும் ஒரு பெண்ணிடம் கேட்பதாக வைத்துக்கொள்வோம். வெயில் ஏறுவதற்குள் பாத்தியில் உப்பை வாரி, தலையில் சுமந்து அம்பாரத்தில் கொட்டியாக வேண்டும் என்பதால், விடியுமுன்னே எழுந்து சோறு பொங்கி வைத்துவிட்டுக் கிளம்புகிறவர். தூக்கம் குறைவுதான். அசதி தினமும்தான். செய்தித்தாள் படிக்க ஏது நேரம்? மனம் நன்றாக இருக்கும்போதே அவருக்கு மதிப்பெண் ஏறிவிடும். அதே அளத்தில் உள்ளுக்குள் நொறுங்கிப்போன இன்னொரு பெண், "இது எல்லாருக்கும் உள்ளதுதானே" என்று சொல்லிக் கணக்கிலேயே வராமல் போய்விடவும் கூடும். களைப்பையும் நோயையும் பிரிக்கும் கோடு இந்தக் கரையில் வேலை நேரத்திலும் கூலியிலும் கிடக்கிறது. அதைப் பார்க்காமல், மக்களுக்கு மனநல விழிப்புணர்வு போதாது என்று முடிவு கட்டுவது தவறு என்பதே என் வாதம்.

உடல்நலப் பழக்கம் என்று நாம் சொல்வதையே எடுத்துக்கொள்வோம். 2017 முதல் 2020 வரை தமிழ்நாட்டின் ஏழு உப்பளங்களில் 352 தொழிலாளர்களிடம் நடந்த ஆய்வில், பத்துப் பேரில் ஒன்பது பேர் பரிந்துரைக்கப்பட்ட வரம்பை மீறிய வெப்பத்தில் வேலை செய்வது தெரிந்தது. சிலருக்குச் சிறுநீரகத்தின் வேலைத்திறனும் குறைந்திருந்தது. அளங்களில் கழிப்பறை இல்லை, போதிய குடிநீர் இல்லை, ஓய்வுக்கென்று ஒதுக்கிய நேரமும் இல்லை. ஒதுங்க இடமில்லாத வெட்டவெளியில் ஒரு பெண் காலையிலிருந்து தண்ணீரைக் குறைத்துக் குடிக்கிறார் என்றால் அதை அறியாமை என்று சொல்ல முடியுமா? யோசித்து எடுத்த முடிவு அது. அவருக்கு "தண்ணீர் நிறையக் குடியுங்கள்" என்று நோட்டீஸ் அச்சடித்துக் கொடுப்பதால் என்ன மாறும்? மனநலச் சிகிச்சையும் இப்படித்தான். வெளிநோயாளிப் பிரிவு நடப்பது காலையில். கூலி கிடைப்பதும் காலையில்தான். ஒரு முறை மருத்துவரைப் பார்க்கப் போனால் அன்றைய கூலி போச்சு. மாதாமாதம் வரச்சொன்னால் இரண்டாம் மாதம் வரமாட்டார்.

பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் 2015–16இல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, பரவலாகக் காணப்படும் மனநலக் கோளாறு உள்ளவர்களில் நூற்றுக்குச் சுமார் 85 பேர் சிகிச்சை பெறவில்லை என்றது. மதுவால் பாதிக்கப்பட்டவர்களிலும் ஏறத்தாழ அதே அளவு. 2004 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கடற்கரையின் மீனவக் கிராமம் ஒன்றில் நடந்த ஆய்வும் முக்கியமானது. பேரிடரின் அதிர்ச்சி மனநோயாக நிலைத்துவிட்டவர்கள் அங்கே 12.7 விழுக்காடு. அலை ஊருக்கே பொதுவாகத்தான் வந்தது. ஆனாலும் பெண்கள், காயம்பட்டவர்கள், வீட்டில் வருமானமே இல்லாமல் போனவர்கள் ஆகியோரிடம்தான் பாதிப்பு கூடுதலாக இருந்தது. வறுமையும் மனச்சோர்வும் குறித்து 2020இல் 'சயின்ஸ்' இதழில் வந்த தொகுப்பாய்வு, ஒரே ஊரில் மிகக் குறைந்த வருமானக்காரர்கள் மிகுந்த வருமானக்காரர்களைவிட ஒன்றரை முதல் மூன்று மடங்கு வரை இத்துயரத்துக்கு ஆளாகிறார்கள் என்கிறது. வருமானம் குறைவு என்பதோடு, நாளைக்கு வருமா வராதா என்ற நிச்சயமின்மையும் மனத்தை அரிக்கிறது. இந்தக் கரையின் பிழைப்பே அப்படிப்பட்டது. அரசின் முத்துக்குளிப்பு 1961இல் நின்றுபோனது. சங்கு குளிக்கிறவர்கள் இன்றும் மூச்சைப் பணயம் வைத்து இறங்குகிறார்கள், கிடைத்தால் உண்டு. விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை. உப்பளத்துக்கு வடகிழக்குப் பருவமழை மாதங்களில் வேலையே கிடையாது.

இங்கே ஒரு மறுப்பு எழும். "குடியை நிறுத்தினாலே பாதிப் பிரச்சினை தீருமே; நிவாரணப் பணம் கொடுத்தால் அதுவும் கடைக்குத்தானே போகும்?" குடி இந்தக் கரையில் குடும்பங்களை அழிக்கிறது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் பணம் பற்றிய சந்தேகத்துக்கு இந்தோனேசியாவில் பதில் கிடைத்திருக்கிறது. அங்கே ஏழைக் குடும்பங்களுக்கு அரசு நேரடியாகப் பணம் கொடுத்த பகுதிகளில் தற்கொலை 18 விழுக்காடு குறைந்தது. மழை பொய்த்து விளைச்சல் விழுந்தபோது அதே நாட்டில் அது கூடியது. தமிழ்நாட்டுக்கு இது தூரத்துச் செய்தியல்ல. 2022இல் இந்தியாவில் லட்சம் பேருக்கு 12.4 ஆக இருந்த தற்கொலை விகிதம் இங்கே 25.9, நாடெங்கும் அவ்வாறு இறந்தவர்களில் நான்கில் ஒருவர் தினக்கூலி. தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களுக்கு மழைக்காலத்தில் அரசு கொடுக்கும் 5,000 ரூபாயை நான் மனநலச் செலவாகவே எண்ணுகிறேன். தொகை போதாது என்பது வேறு விஷயம். குடிப்பழக்கத்துக்கும் சிகிச்சை இருக்கிறது. கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில், மனநலப் படிப்பு எதுவும் இல்லாத உள்ளூர்க்காரர்களைப் பயிற்றுவித்து, குடிக்கு ஆளான ஆண்களிடம் அதிகபட்சம் நான்கு அமர்வுகள் பேசவைத்தார்கள். 2017இல் 'லான்செட்' இதழில் வந்த முடிவு: வழக்கமான கவனிப்பில் 26 விழுக்காட்டினர் தேறியபோது, பேச்சுச் சிகிச்சையும் பெற்றவர்களில் 36 விழுக்காட்டினர் தேறினர்.

இதைவிடக் கனமான மறுப்பு வேறொன்று. பணக்காரனுக்கு நிபுணர், மீனவனுக்குப் பத்தாம் வகுப்புத் தொண்டரா என்று கேட்கலாம். நியாயமான கோபம்தான். மனச்சிதைவுக்கும் கடுமையான இருமுனைக் கோளாறுக்கும் மருத்துவர் இல்லாமல் முடியாது. அந்தப் பொறுப்பை அரசு தட்டிக்கழிக்க இது சாக்காகவும் கூடாது. ஆனால் அதே கோவாவில், அப்படிப் பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள் கடும் மனச்சோர்வுக்கு ஆளானவர்களிடம் வீட்டிலோ சுகாதார நிலையத்திலோ ஆறு முதல் எட்டு முறை பேசியதில், மூன்றே மாதத்தில் 64 விழுக்காட்டினர் தேறினார்கள். வழக்கமான கவனிப்பில் தேறியவர்கள் 39 விழுக்காடு. அந்த ஆய்வு தேறியவர்களைக் கணக்கிட்டதும் நான் மேலே குறை சொன்ன ஒன்பது கேள்விகளை வைத்துத்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். தாள் பயனற்றதல்ல, யார், எங்கே, எந்த மாதத்தில் கேட்கிறார்கள் என்பதே பிரச்சினை.

கோயிலும் ஊரும் போதாதா என்போரும் உண்டு. தூத்துக்குடி பனிமய மாதா திருவிழாவில் ஒரு கரையே ஒன்றுகூடுகிறது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது, வெள்ளத்தில் சிக்கியவர்களை மீட்க வள்ளங்களைக் கொண்டுவந்தவர்கள் மீனவர்கள். அந்த உறவின் பலம் பெரிது. ஆனால் எல்லாரும் எல்லாரையும் அறிந்த ஊரில் "அவனுக்கு மனசு சரியில்லையாம்" என்ற பேச்சும் சீக்கிரம் பரவும். பெண் கேட்டு வருகிறவர் காது வரை போகும். ஆகவே தூத்துக்குடியின் மீனவர் பகுதியான திரேஸ்புரத்து வீட்டுக்குப் பேச வருகிறவர் பக்கத்துத் தெருக்காரராக இல்லாமல் அடுத்த ஊர்க்காரராக இருப்பது நல்லது.

அப்படி வருவதற்கு வழியும் இருக்கிறது. தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீடு தேடி வருகிறது. அதைக் கொண்டுவரும் பெண் தன்னார்வலர்களுக்கே கோவாவின் பயிற்சியைக் கொடுக்கலாம். உப்பளத்துப் பெண்களை அவர்கள் பார்க்க வேண்டிய காலம் ஐப்பசி, கார்த்திகை: பாத்திகளில் மழைநீர் நிற்கும், கையில் காசு இருக்காது, ஆள் வீட்டில் இருப்பார். அப்போது "தூக்கம் வருதா?" என்று கேட்பதை விட்டு, "வேலை இல்லாத நாள்லயும் தூக்கம் வரமாட்டேங்குதாம்மா?" என்று கேட்டால், அளத்தின் களைப்பு எது, மனத்தின் வலி எது என்று பிரிந்து தெரியத் தொடங்கும்.