அமர்க்களம்

கல்யாண வீட்டில் பந்தி விசாரிப்பவர்களும் பாத்திரங்களும் குழந்தைகளும் ஒருசேரச் சப்திக்கும்போது, 'ஒரே அமர்க்களம்!' என்று சந்தோஷமாகச் சொல்லும் நாம், போர்க்களம் என்பதே அச்சொல்லின் ஆதி அர்த்தம் என்பதை நினைப்பதில்லை. சங்க நூல்களில் அமர் என்றால் யுத்தம்; காலப்போக்கில் யுத்தம் கழன்று, அதன் சப்தமும் பரபரப்பும் மாத்திரம் எஞ்சி, அளவுக்கு மிஞ்சிய ஆரவாரம் எதற்கும் அதுவே பெயராகிவிட்டது. ஆயினும் அவ்விரண்டு அர்த்தங்களும் ஒன்றன்மேல் ஒன்றாக வாழ்ந்த ஊர் ஒன்று உண்டு. அது கோலார் தங்கவயல்.

1880-ஐ ஒட்டி, தங்கச் சுரங்கம் தோண்ட ஆங்கிலேயரான ஜான் டெய்லர் கம்பெனியார் அங்கே காலூன்றிய பிறகு, வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் தமிழ் ஜனங்கள் குடும்பம் குடும்பமாகக் குடியேறினார்கள். 1902-இல் காவிரிக்கரைச் சிவசமுத்திரம் மின் நிலையத்திலிருந்து 147 கிலோமீட்டர் கடந்து மின்சாரம் வந்தது. இராப்பகலாய்க் கல்லை இடித்த யந்திரங்களும், ஷிப்டு மாறும் வேளையின் நெரிசலும், சம்பள நாளில் ராபர்ட்சன்பேட்டைக் கடைத்தெருவும் மேலே நடந்த அமர்க்களம்.

கீழே நடந்தது வேறு. சாம்பியன் ரீப் சுரங்கத்தில், மூன்று கிலோமீட்டருக்கும் கூடுதலான ஆழத்தில், கை வைக்கக் கூசும்படி கொதிக்கும் பாறை, தன்மேல் அழுத்தும் பாரம் தாளாமல் சில சமயம் தானாகவே வெடித்துச் சிதறும். அந்த அதிர்ச்சி பூமியை ஊடுருவி மேலேறி வந்து, தொழிலாளர்கள் குடியிருந்த லைன் வீடுகளின் சுவரை நடுங்கச் செய்து, அடுப்பங்கரையில் அடுக்கியிருந்த பாத்திரங்களை உருட்டிவிடும்போது, ஷிப்டுக்குப் போனவனின் மனைவி பிசைந்த மாவும் கையுமாய் வாசலுக்கு ஓடி வருவாள். பாத்திரச் சத்தம்தான், ஆனால் கல்யாண வீட்டுச் சத்தமல்ல. அமர்க்களம் என்ற சொல்லின் பழைய அர்த்தத்தை அகராதியைப் புரட்டாமலே அறிந்தவர்கள் அந்தப் பெண்கள் என்பதே என் துணிபு.

இதே எழுத்துகளில் பிறக்கும் அமர்தல் என்பதற்கோ ஓய்தல் என்றும் அர்த்தம் உண்டு. விளக்கு அணைவதை 'விளக்கு அமர்ந்தது' என்பது நம் பழைய வழக்கு. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டபோது அந்த அர்த்தமும் ஊருக்கு வந்து சேர்ந்தது. தங்கம் பிரித்தபின் கொட்டிய கழிவு குவிந்த சயனைடு மேடுகளின் மண் காற்றில் பறந்து வந்து திண்ணைகளில் படிகிறது.

இருந்தும் பொழுது விடியுமுன் மாரிக்குப்பம் ஸ்டேஷனுக்குப் போய்ப் பாருங்கள். தாத்தனும் தகப்பனும் பாதாளத்தில் இறங்கிய வம்சத்துப் பிள்ளைகள், சாப்பாட்டு டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு, பெங்களூர் ரயிலில் இடம் பிடிக்க முண்டியடிக்கிறார்கள்.