மீக்கடத்திகளில் காந்தநீக்கக் காரணி

காந்தநீக்கக் காரணி என்பது, புறக் காந்தப்புலத்தில் வைக்கப்பட்ட ஒரு பொருளினுள் நிலவும் புலச்செறிவு அப்பொருளின் வடிவத்தால் எவ்வளவு மாறுகிறது என்பதைக் குறிக்கும் எண் ஆகும். இதன் மதிப்பு 0 முதல் 1 வரை அமையும். உயர் வெப்பநிலை மீக்கடத்திகளின் காந்த அளவீடுகளில் இதனைக் கருதாவிடின் முடிவுகள் பெரிதும் பிழைபடும்.

== அடிப்படை ==

உட்புலச்செறிவு = புறப்புலச்செறிவு − (காந்தநீக்கக் காரணி × காந்தமாக்கம்)

மைசுனர் நிலையில் மீக்கடத்தி தன்னுள்ளிருந்து காந்தப் பாயத்தை விலக்குகிறது. அதன் உண்மையான காந்த ஏற்புத்திறன் −1 ஆகும். விலக்கப்பட்ட விசைக்கோடுகள் பொருளின் ஓரங்களில் நெருங்குவதால் அங்கு புலம் மிகுகிறது. ஆகவே அளவீட்டில் தோன்றும் ஏற்புத்திறன் வடிவத்தைப் பொறுத்து வேறுபடும்:

* நீண்ட மெல்லிய கம்பி, புலம் நீளவாக்கில்: காரணி 0, ஏற்புத்திறன் −1
* நெல்மணி போன்ற நீள்வடிவம் (நீளம் அகலத்தின் 3 மடங்கு), நீளவாக்கில்: 0.11, −1.12
* கோளம்: 1/3, −1.5
* நீண்ட உருளை, குறுக்குவாக்கில்: 1/2, −2
* தட்டையான நீள்வட்டத்திண்மம் (விட்டம் தடிப்பின் 10 மடங்கு), தட்டுக்குச் செங்குத்தாக: 0.86, −7.2

நீள்வட்டத்திண்மங்களில் மட்டுமே உட்புலம் சீராக இருக்கும். அவற்றுக்கான மதிப்புகளை 1945இல் ஆசுபோர்ன் கணித்து வெளியிட்டார். செவ்வகத் துண்டுகளுக்குத் தோராய மதிப்புகளே பயன்படுத்தப்படுகின்றன.

== அளவீடுகளில் விளைவு ==

1986இல் பெட்னோர்சு, முல்லர் ஆகியோர் செப்பு ஆக்சைடு மீக்கடத்திகளைக் கண்டறிந்தனர். 1987இல் ஏறத்தாழ 93 கெல்வினில் மீக்கடத்தியாகும் இட்ரியம் பேரியம் செப்பு ஆக்சைடு கண்டறியப்பட்டது. இவ்வகைப் படிகங்கள் பெரும்பாலும் மெல்லிய தகடுகளாக வளர்வதால் வடிவத்தின் தாக்கம் இவற்றில் மிகுதி.

; மீக்கடத்திப் பின்னம்
மேற்கூறிய தட்டு வடிவில் ஏற்புத்திறன் −1 என அளவிடப்பட்டால், மாதிரி முழுவதும் மீக்கடத்தி எனத் தோன்றும். திருத்தியபின் கிடைக்கும் மதிப்போ −0.54 மட்டுமே. சில மாதிரிகளில் பின்னம் 100 விழுக்காட்டைக் கடந்து தோன்றுவதற்கும் இதுவே பொதுவான காரணமாகும்.

; கீழ் மாறுநிலைப் புலம்
ஓரங்களில் புலம் மிகுவதால் பாயம் முன்கூட்டியே உட்புகும். திருத்தாவிடின் இம்மதிப்பு உண்மையைவிடக் குறைவாகத் தெரியும்.

; மாறுநிலை மின்னோட்ட அடர்த்தி
பீன் மாதிரியுருவின்படி காந்தமாக்கம் மின்னோட்டம் சுற்றும் பரப்பின் அகலத்தையும் பொறுத்தது. பொருளில் வெடிப்புகள் இருந்தால் முழு அகலத்தைக் கொண்டு கணிப்பது தவறாகும்.

== கிருஷ்ணனின் அளவீடுகளுடன் ஒப்பீடு ==

தமிழகத்தின் வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன், படிகங்களின் காந்தப் பண்பு திசைக்குத் திசை வேறுபடுவதை 1930களில் நுட்பமாக அளந்தார். அவர் ஆய்ந்த டயாகாந்தப் படிகங்களின் ஏற்புத்திறன் ஏறத்தாழ இலட்சத்தில் ஒரு பங்கே. எனவே அவற்றில் காந்தநீக்கத் திருத்தம் புறக்கணிக்கத்தக்கது. மீக்கடத்தியிலோ திசை வேறுபாட்டையும் வடிவ விளைவையும் பிரித்தறிதல் இன்றியமையாதது.

== நடைமுறை ==

ஸ்குவிட் காந்தமானி மாதிரியின் மொத்தக் காந்தத் திருப்புதிறனையே அளக்கிறது; வடிவத்தை அது அறியாது. (கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் ஸ்குவிட் கருவிகள் உருவாக்கப்பட்டுள்ளன.) ஆகவே மாதிரியின் நீளம், அகலம், தடிப்பு, நிறை, புலத்தின் திசை ஆகியவற்றை முடிவுகளுடன் குறிப்பிட வேண்டும். தகட்டுப் படிகமாயின் புலத்தைத் தகட்டுக்கு இணையாகச் செலுத்தினால் திருத்தம் சிறிதாகும். எனினும் அப்போது அளக்கப்படுவது அத்திசைக்குரிய பண்பே ஆகும்.